இளம் குவார்ட்டர்பேக்கா, அனுபவசாலியா? அலெக்ஸ் ஸ்மித்தை நடுவில் நிறுத்தி ஒப்பிடும் முறை

2012 நவம்பர் 19, திங்கள் இரவு. அமெரிக்கக் கால்பந்து. சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவராக, கோலின் கேப்பர்னிக் முதன்முறையாக ஆட்டத்தைத் தொடங்குகிறார். எதிரே சிகாகோ பேர்ஸ். 23 முறை வீசினார், 16 போய்ச் சேர்ந்தன, 243 யார்டு, 2 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது). அணி 32-7 என்று வென்றது. வீச்சின் தரத்தைச் சொல்லும் எண்ணான பாஸர் ரேட்டிங் 133.1.

2017 டிசம்பர் 31, டென்வர். கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணிக்காகப் பேட்ரிக் மஹோம்ஸ் முதன்முறையாக ஆட்டத்தைத் தொடங்குகிறார். 35 வீச்சில் 22 சேர்ந்தன, 284 யார்டு, டச்டவுன் ஒன்றுகூட இல்லை, ஒரு பந்து எதிரணியின் கைக்குப் போனது (இன்டர்செப்ஷன்). ரேட்டிங் 76.4.

இந்த இரண்டு பத்தியை மட்டும் படித்தவர் யாரைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. அப்படித் தேர்ந்தெடுத்திருந்தால், பிற்பாடு லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை மூன்று முறை வென்ற மனிதரை விட்டிருப்பார். சுவாரசியம் என்னவென்றால், இந்த இரண்டு இளைஞர்களும் வந்து உட்கார்ந்தது ஒரே மனிதரின் நாற்காலியில்: அலெக்ஸ் ஸ்மித். இரண்டு ஊர், இரண்டு பயிற்சியாளர், இரண்டு இளைஞர்கள், எதிரே அதே அனுபவசாலி. ஒப்பிடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல சோதனைக்கூடம் எனக்குத் தெரிந்து அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் இல்லை. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க அவரையே சுற்றி வரும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஓர் எச்சரிக்கை முதலில். பேட்ஸ்மேனின் சராசரி பெரும்பாலும் அவருடையது. குவார்ட்டர்பேக்கின் எண்கள் அப்படியல்ல. முன்னால் நின்று காக்கும் ஐந்து பேர், ஓடிப் பிடிக்கும் ரிசீவர்கள், ஆட்ட வரைவை எழுதும் பயிற்சியாளர் எல்லோரும் சேர்ந்து சமைத்த குழம்புக்கு ஒருவர் பெயரை ஒட்டிவிடுகிறோம். அந்தக் குழம்பில் அவர் போட்ட உப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் நம் வேலை.

படி 1: எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள்?

"யார் சிறந்தவர்?" என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை யார் ஆடினால் வெற்றி வாய்ப்பு அதிகம்? அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகளில் யார் மேலே போவார்? அணியின் பணத்தையும் டிராஃப்ட் வாய்ப்புகளையும் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை) யார்மீது வைப்பது?

2017 சீசனில் சீஃப்ஸ் பயிற்சியாளர் ஆண்டி ரீட் முதல் கேள்விக்கு ஸ்மித் என்றும், மற்ற இரண்டுக்கும் மஹோம்ஸ் என்றும் பதில் வைத்திருந்தார். அதில் முரண்பாடு ஏதுமில்லை. அந்த ஏப்ரலில் மஹோம்ஸை எடுப்பதற்காகவே 27ஆம் இடத்திலிருந்து 10ஆம் இடத்துக்கு ஏறினார்கள். அதற்கு விலையாக பஃபலோ அணிக்கு அந்த 27ஆம் இடத்தோடு, அதே ஆண்டின் மூன்றாம் சுற்று வாய்ப்பு ஒன்றையும் அடுத்த ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பையும் கொடுத்தார்கள். இவ்வளவு கொடுத்து வாங்கியவரை சீசனின் கடைசி ஆட்டம் வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

ரசிகர்களின் சண்டைகளில் பாதிக்கு மேல், ஒருவர் முதல் கேள்விக்கும் இன்னொருவர் இரண்டாவதுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதால் வருபவை. கேள்வியை ஒரு தாளில் எழுதிவிட்டு மேலே படியுங்கள்.

படி 2: வயதையும் அனுபவத்தையும் ஒன்றாக்காதீர்கள்

வயது வேறு, வீசிய பந்துகளின் எண்ணிக்கை வேறு. இரண்டும் சேர்ந்தே நகரும் என்று நினைப்பது பெரிய தவறுகளுக்கு வழி வகுக்கும்.

2021இல் ஃபார்ட்டிநைனர்ஸ் மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைக் கொட்டி 3ஆம் இடத்துக்கு ஏறி ட்ரே லான்ஸை எடுத்தது. உடல்வாகு, கைபலம், ஓட்டம் எல்லாம் உண்டு. ஆனால் கல்லூரியில் அவர் வீசிய பாஸ்கள் மொத்தம் 318. பெருந்தொற்றால் 2020இல் அவருடைய கல்லூரி ஒரே ஓர் ஆட்டம்தான் ஆடியது. அடுத்த ஆண்டு அதே அணி டிராஃப்டின் கடைசி இடமான 262இல் பிராக் பர்டியை எடுத்தது. அவர் ஐயோவா ஸ்டேட்டில் நான்கு ஆண்டு ஆடித் தேய்ந்தவர். 2023 ஆகஸ்டில் லான்ஸை ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்காக டாலஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த சீசனில் பர்டியின் ரேட்டிங் 113.0, லீக்கிலேயே முதலிடம். இருவரும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள். வித்தியாசம் வீசிய பந்துகளில் இருந்தது.

மஹோம்ஸ் டெக்சாஸ் டெக்கில் வீசியது 1,349. ஓக்லஹோமாவுக்கு எதிராக ஒரே இரவில் 88 முறை வீசி 734 யார்டு எடுத்தார்; அப்படியும் அணி 66-59 என்று தோற்றது. அந்தப் பல்கலைக்கழகத்தின் தாக்குதல் முறை சுலபமான எண்களைக் கொடுக்கும் என்று ஸ்கவுட்டுகள் (அணிகளுக்காக இளம் வீரர்களை எடைபோடுபவர்கள்) முகம் சுளித்தார்கள். சுளித்ததில் நியாயமும் இருந்தது. ஆனால் 1,349 வீச்சு என்பது பார்க்கத் தெரிந்தவருக்கு 1,349 சாட்சியம். லான்ஸிடம் அந்தச் சாட்சியம் கால்பங்குதான்.

இதைத் தலைகீழாகவும் போட்டுப் பாருங்கள். 2024 டிராஃப்டில் அட்லான்டா 8ஆம் இடத்தில் எடுத்த மைக்கேல் பெனிக்ஸுக்கு அடுத்த மாதமே 24 வயது. புதியவர், ஆனால் பச்சைப்பிள்ளை அல்ல. அப்படிப்பட்டவரிடம் 21 வயதுக்காரரிடம் எதிர்பார்க்கும் அளவுக்கு வளர்ச்சியை எதிர்பார்க்கக் கூடாது. வரும்போதே கூடுதலாகக் கொண்டுவர வேண்டும்.

21 வயது என்றதும் ஸ்மித்தே நினைவுக்கு வருகிறார். 2005 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அவர். அதே டிராஃப்டில் 24ஆம் இடம் வரை, அழைப்புக்காகக் காத்திருக்கும் பச்சை அறையில் உட்கார்ந்து நகம் கடித்தவர் ஏரன் ராஜர்ஸ். முதல் சீசனில் ஸ்மித் எடுத்தது 1 டச்டவுன், 11 இன்டர்செப்ஷன், ரேட்டிங் 40.8. அன்று அவரைக் கணித்திருந்தால் என்ன எழுதியிருப்போம்?

படி 3: எண்ணை உரித்துப் பாருங்கள்

பாஸர் ரேட்டிங் மாயமந்திரம் அல்ல. ஒரு வீச்சுக்கு எத்தனை போய்ச் சேர்ந்தது, எத்தனை யார்டு, எத்தனை டச்டவுன், எத்தனை இன்டர்செப்ஷன் என்ற நான்கு விகிதங்களைக் கலந்த கணக்கு. உச்சம் 158.3. நீங்களே போடலாம். நான்கையும் தனித்தனியே கணக்கிட்டு, ஒவ்வொன்றும் 0க்குக் கீழும் 2.375க்கு மேலும் போகாமல் பார்த்துக்கொண்டு, கூட்டி, 6ஆல் வகுத்து, 100ஆல் பெருக்க வேண்டும்.

மஹோம்ஸின் டென்வர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 22ஐ 35ஆல் வகுத்து, அதில் 0.3ஐக் கழித்து, 5ஆல் பெருக்கினால் 1.643. வீச்சுக்கு 8.114 யார்டு; 3ஐக் கழித்து 4ஆல் வகுத்தால் 1.279. டச்டவுன் விகிதத்தை 20ஆல் பெருக்க வேண்டும், இங்கே 0. இன்டர்செப்ஷன் விகிதத்தை 25ஆல் பெருக்கி 2.375இலிருந்து கழித்தால் 1.661. மொத்தம் 4.583. முடிவு 76.4.

உரித்தவுடன் ஒன்று பளிச்சென்று தெரிகிறதா? யார்டும் துல்லியமும் நன்றாகவே இருக்கின்றன. கீழே இழுப்பது டச்டவுன் இல்லாததும் ஒரே ஓர் இன்டர்செப்ஷனும்தான். 35 வீச்சுகளில் இந்த இரண்டும் காற்றடிக்கும் பக்கம் சாயும். ரிசீவர் எல்லைக்கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் விழுந்து, அடுத்த ஆட்டத்தில் வேறொருவர் ஓடிப் புள்ளி எடுத்தால், குவார்ட்டர்பேக்கின் கணக்கில் டச்டவுன் ஏறாது. ஆகவே குறைந்த ஆட்டம் ஆடிய இளைஞரை எடைபோடும்போது டச்டவுனையும் இன்டர்செப்ஷனையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வீச்சுக்கு எத்தனை யார்டு என்பதைப் பக்கத்தில் வையுங்கள். அந்த அளவில் டென்வரில் ஆடிய மஹோம்ஸ் 8.1. அந்த சீசனில் லீக்கிலேயே ரேட்டிங்கில் முதலிடம் பிடித்த ஸ்மித் 8.0.

ஆமாம், முதலிடம். 2017இல் ஸ்மித் 4,042 யார்டு, 26 டச்டவுன், வெறும் 5 இன்டர்செப்ஷன், ரேட்டிங் 104.7. வாழ்க்கையின் சிறந்த சீசன். அதை முடித்த கையோடு அவரை விற்றார்கள்.

இந்த ரேட்டிங் எதைப் பார்ப்பதில்லை என்பதும் முக்கியம். சாக் (வீசும் முன்பே குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படுவது) அதில் கிடையாது. ஓட்டம் கிடையாது. கைநழுவிய பந்து கிடையாது. பந்தைத் தக்கவைக்க நான்கு முயற்சிக்குள் 10 யார்டு நகர வேண்டும்; 3ஆவது முயற்சியில் 9 யார்டு தேவைப்படும்போது 5 யார்டு பாஸ் கொடுத்து பந்தை எதிரணியிடம் ஒப்படைத்தாலும் அது "போய்ச் சேர்ந்த பாஸ்"தான். இவற்றில் சாக் என்ற ஓட்டையை அடைக்க இன்னொரு கணக்கு உண்டு: யார்டுகளோடு டச்டவுனுக்கு 20 கூட்டி, இன்டர்செப்ஷனுக்கு 45 கழித்து, சாக்கில் இழந்த யார்டுகளையும் கழித்து, வீச்சுகளும் சாக்குகளும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுப்பது. அனுபவசாலியையும் இளைஞரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க இதுவே மேல்.

படி 4: சூழலைக் கழியுங்கள்

ஸ்மித்துக்கு முதல் 5 ஆண்டுகளில் 5 தாக்குதல் பயிற்சியாளர்கள். ஒவ்வோர் ஆண்டும் புது மொழி, புது ஆட்டப் புத்தகம். 2011இல் ஜிம் ஹார்பா தலைமைப் பயிற்சியாளராக வந்ததும் அதே ஸ்மித் 17 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன் என்று ஆடினார், அணிக்கு 13 வெற்றி, 3 தோல்வி. அவருடைய கை ஒரே கோடையில் மாறிவிடவில்லை.

இளைஞர் பக்கமும் இந்தக் கழித்தல் வேண்டும். கேப்பர்னிக்கின் அந்த முதல் இரவில் ஆல்டன் ஸ்மித் என்ற தடுப்பாட்டக்காரர் தனியாளாக 5.5 சாக் எடுத்தார். எதிரணி மூச்சுவிடவே திணறிய ஆட்டம் அது. அப்படிப்பட்ட ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் பதறிப்போய் எதையும் துரத்த வேண்டியதில்லை.

சூழல் கிட்டத்தட்ட மாறாமல் ஆள் மட்டும் மாறிய ஒப்பீடு கிடைத்தால் அதை விடாதீர்கள், அது தங்கம். 2017 சீஃப்ஸ், 2018 சீஃப்ஸ் அப்படி ஒரு ஜோடி. அதே ரீட், அதே டைரீக் ஹில், அதே டிராவிஸ் கெல்சி. சாமி வாட்கின்ஸ் என்ற ரிசீவர் மட்டும் புதிதாகச் சேர்ந்தார். ஸ்மித்தோடு அணி எடுத்த புள்ளிகள் 415. மஹோம்ஸோடு 565. அவர் 5,097 யார்டு, 50 டச்டவுன் எடுத்து லீக்கின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம், சமைத்தவர் மட்டும் வேறு.

2012 ஃபார்ட்டிநைனர்ஸும் அப்படியே ஓர் ஒப்பீடு. ஒரே சீசனில் ஸ்மித்தின் ரேட்டிங் 104.1, கேப்பர்னிக்கின் ரேட்டிங் 98.3. எண்ணில் ஸ்மித் மேல். ஹார்பா மாற்றினார். தவறு செய்தாரா? பிளேஆஃபில் (வழக்கமான சீசனுக்குப் பின் வரும் நாக்அவுட் சுற்று) கிரீன் பேக்கு எதிராகக் கேப்பர்னிக் 181 யார்டு ஓடினார், ஒரு குவார்ட்டர்பேக் எந்த ஆட்டத்திலும் ஓடாத தூரம். அணி சூப்பர் பவுலுக்குப் போய் பால்டிமோரிடம் 34-31 என்று தோற்றது. அந்த ஆண்டுக்கான கேள்விக்கு ஹார்பாவின் பதில் சரி என்றே நான் சொல்வேன். மூன்று ஆண்டுக் கேள்விக்குத்தான் அது சரியாக வரவில்லை. படி 1ஐ ஏன் முதலில் வைத்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

படி 5: டேப் பாருங்கள், ஆனால் பந்தைப் பார்க்காதீர்கள்

இதுதான் நேரம் எடுக்கும் வேலை. எண்களை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். டேப்புக்கு, அதாவது முழு ஆட்டப் பதிவுக்கு, ஒருவருக்குக் குறைந்தது நான்கு ஆட்டமாவது வேண்டும். வென்றது இரண்டு, தோற்றது இரண்டு. சிறப்புத் தருணங்களை மட்டும் வெட்டி ஒட்டிய காணொளி வேண்டாம். அதில் எல்லோரும் கடவுள்கள்.

டிவியில் நம் கண் பந்தோடு பறக்கும். அதை அடக்கி, ஸ்நாப் (ஆட்டம் தொடங்கப் பந்து அவர் கைக்கு வருவது) முடிந்து முதல் மூன்று விநாடிக்குக் குவார்ட்டர்பேக்கின் கால்களையும் தலைக்கவசம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையும் மட்டும் பாருங்கள். முதல் ரிசீவர் அடைபட்டிருந்தால் என்ன செய்கிறார்? இரண்டாமவரிடம் கண் போகிறதா, இல்லை உடனே ஓடுகிறாரா? இரண்டாமவரையும் பார்த்துவிட்டு மூன்றாமவரிடம் வருகிறாரா? கேப்பர்னிக்கின் டேப்பில் எனக்கு உறுத்துவது இதுதான். முதல் பார்வை திறந்திருந்தால் பந்து தோட்டாவாகப் போகும். திறக்கவில்லை என்றால் அடுத்த நொடி கால்கள் கிளம்பிவிடும். கால்கள் அற்புதமானவை என்பதால் 2012இல் அது குறையாகத் தெரியவில்லை. தடுப்பாட்டக்காரர்கள் ஒரு கோடை முழுக்க அதையே படித்துவிட்டு வந்தார்கள். பாக்கெட்டின் (குவார்ட்டர்பேக்கைச் சுற்றிக் காவலர்கள் அமைக்கும் வளையம்) ஓரங்களை அடைத்தார்கள். பிறகு அவருடைய ரேட்டிங் ஆண்டுக்கு ஆண்டு படியிறங்கியது: 91.6, 86.4, 78.5. 2014இல் மட்டும் 52 சாக். 2015இல் பெஞ்சுக்குப் போனார். (2016க்குப் பிறகு அவர் லீக்கில் ஆடாமல் போனது ஆட்டத்துக்கு வெளியே உள்ள பெரிய கதை. அதை இந்தக் கணக்கில் சேர்ப்பது நேர்மையல்ல.)

பந்து பிரிந்த பிறகு பார்க்க வேண்டியது, அது சேர்ந்ததா என்பதைவிட எங்கே போய் விழுந்தது என்பது. ரிசீவர் ஓட்டத்தை நிறுத்தாமல் பிடித்தாரா, திரும்பிக் குனிந்து பிடித்தாரா? தவறிய பாஸ்கள் ஒரே திசையில் தவறுகின்றனவா? எப்போதும் உயரமாகத் தவறினால் பெரும்பாலும் காலடிக் கோளாறு, சரிசெய்யலாம். நாலாபக்கமும் சிதறினால் கவலைப்படுங்கள்.

அழுத்தத்தில் எப்படி என்பதைத் தனித் தாளில் எழுதுங்கள். பிளிட்ஸ் (தடுப்பவர்கள் கூடுதலாகப் பாய்ந்து வருவது) வரும்போது ஆள் வருவதைப் பார்க்கிறாரா, அவர் விட்டுவந்த இடத்தைப் பார்க்கிறாரா? நல்ல அனுபவசாலிக்கு இரண்டாவது பழக்கம் ரத்தத்தில் ஊறியிருக்கும். ஸ்மித்துக்கு இருந்தது. ஸ்நாப்புக்கு முன்பே எல்லாவற்றையும் படித்துவிடுவார். அந்தப் பாடத்தை பெஞ்சில் உட்கார்ந்து ஓராண்டு பார்த்தது எவ்வளவு உதவியது என்று மஹோம்ஸே பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஸ்மித்தின் டேப்பிலும் உறுத்தும் விஷயம் உண்டு. இழப்பைக் கண்டு அவருக்கு அலர்ஜி. ஆழத்தில் ரிசீவர் பாதி திறந்திருப்பார்; ஸ்மித் பார்ப்பார்; பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுத்துவிடுவார். வெறும் 5 இன்டர்செப்ஷன் என்ற பெருமைக்குப் பின்னால் வீசாமல் விட்ட பந்துகள் இருக்கின்றன. அவற்றை எந்தப் புள்ளிவிவரமும் எண்ணாது. உட்கார்ந்து நீங்கள்தான் எண்ண வேண்டும்.

டென்வர் ஆட்டத்துக்குத் திரும்பி வாருங்கள். சீஃப்ஸ் ஏற்கெனவே தங்கள் பிரிவை வென்றுவிட்டதால் முன்னணி ஆட்டக்காரர்கள் பலருக்கு ஓய்வு. மஹோம்ஸ் அணியை 24-10 என்று முன்னிலைக்குக் கொண்டுவந்ததும் அவருக்கும் ஓய்வு கொடுத்து, மூன்றாவது குவார்ட்டர்பேக்கை இறக்கினார்கள். அவர் வந்த சூட்டோடு பந்து நழுவி டென்வர் டச்டவுன் ஆக்கியது. பிறகு 24-24. மஹோம்ஸை மறுபடி கூப்பிட்டார்கள். குளிரில் உட்கார்ந்திருந்த புதுப்பையன் எழுந்து வந்து அணியை மைதானம் முழுக்க நகர்த்தி, ஃபீல்டு கோலுக்கு (உதைத்து எடுக்கும் 3 புள்ளி) கொண்டுபோய் நிறுத்தினார். 27-24. ரேட்டிங் என்னவோ 76.4தான்.

படி 6: எது வளரும், எது வளராது

இளைஞரின் குறைகளைப் பட்டியல் போடுவது எளிது. அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரிப்பதுதான் கைத்திறன்.

தடுப்பாட்டத்தைப் படிக்கும் வேகம் வளரும். காலடி வளரும். ஸ்நாப்புக்கு முன் ஆட்டத்தை மாற்றும் துணிச்சல் வளரும். அதிகமாகத் துணிந்து வாங்கிக்கட்டிக்கொள்ளும் இன்டர்செப்ஷன்கள், நல்ல பயிற்சியாளர் கையில் குறையும்.

கைபலம் பெரிதாக வளராது. பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்று சாக் வாங்கும் பழக்கம் கல்லூரியிலிருந்து கூடவே வரும், எளிதில் போகாது. துணிச்சல் இல்லாதவருக்குத் துணிச்சலைக் கற்றுக்கொடுப்பதும் அரிது. துணிச்சல் அதிகம் உள்ளவரை அடக்குவது அதைவிட எளிது. ரீட் 1990களில் கிரீன் பேயில் பிரெட் ஃபார்வின் குவார்ட்டர்பேக் பயிற்சியாளராக இருந்தவர். அடங்காத கையைப் பார்த்துப் பயப்படாத கண் அவருக்கு அங்கேயே வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

துல்லியம்? வளராது என்றுதான் பலரும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு பஃபலோவின் ஜாஷ் ஆலன் வந்து முகத்தில் கரி பூசினார். கல்லூரியில் 56 சதவீதம். முதல் மூன்று சீசன்கள்: 52.8, 58.8, 69.2. இருந்தாலும் அவரைக் காட்டி "என் ஆளும் இப்படி மாறுவான்" என்று வாதாடாதீர்கள். ஆலனைப் போல மாறாமல் போனவர்களின் வரிசை நீளமானது. அவர்கள் பெயர் நமக்கு நினைவில் இல்லை, அவ்வளவுதான்.

படி 7: ஒற்றை எண்ணாகக் கணிக்காதீர்கள்

ஒவ்வொருவருக்கும் மூன்று வரி எழுதுங்கள். எல்லாம் கைகூடினால் எப்படி இருப்பார், பெரும்பாலும் எப்படி இருப்பார், எல்லாம் சொதப்பினால் எப்படி இருப்பார். அனுபவசாலிக்கு இந்த மூன்று வரியும் நெருங்கி நிற்கும். 2017இல் 33 வயது ஸ்மித்தின் உச்சம் நம் கண்முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது. சீசனின் முதல் ஆட்டத்திலேயே நியூ இங்கிலாந்தின் மண்ணில் 368 யார்டு, 4 டச்டவுன், 42-27 வெற்றி. அதற்கு மேல் என்ன இருக்கிறது? பிளேஆஃபில் டென்னசியிடம் 21-3 என்று முன்னிலையில் இருந்து, இரண்டாம் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்காமல், 22-21 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தில்தான் டென்னசி குவார்ட்டர்பேக் மார்கஸ் மரியோட்டா தான் வீசிய பந்து தடுப்பவர் கையில் பட்டுத் திரும்ப, தானே பிடித்து டச்டவுன் ஆக்கினார். விதி கேலி செய்யும்போது அடக்கமாகச் செய்வதில்லை.

நியாயத்துக்காக ஒன்றையும் சேர்க்க வேண்டும். 2014 ஜனவரியில் இண்டியானாபோலிஸிடம் 38-10 முன்னிலையை இழந்து 45-44 என்று தோற்ற ஆட்டத்தில் ஸ்மித் 378 யார்டு, 4 டச்டவுன் எடுத்திருந்தார். பெரிய ஆட்டத்தில் சுருங்கிவிடுவார் என்று அவர்மீது ஒட்டிய முத்திரை முழு உண்மையல்ல. முத்திரையை வைத்து அனுபவசாலியின் அடிமட்டத்தைக் கணிக்காதீர்கள்.

இளைஞருக்கு மூன்று வரிகளும் கிழக்கும் மேற்குமாக நிற்கும். அந்த அகலம் பயமாகத் தெரிந்தால், நீங்கள் எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள் என்று மறுபடி பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அகலம் ஆபத்து. நான்கு ஆண்டுக்கு அகலம் சொத்து. அடிமட்டம் வந்தால் விட்டுவிடலாம், உச்சம் வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

படி 8: பணப்பையைத் திறந்து பாருங்கள்

2011க்கு முன்பு புதியவரும் மலிவல்ல. 2010இல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபர்டுக்கு 6 ஆண்டுக்கு 7.8 கோடி டாலர், அதில் 5 கோடி உத்தரவாதம். 2011இல் வந்த புதிய ஒப்பந்த விதிகள் இதை அடியோடு வெட்டின. அந்த ஆண்டு முதலாவதாகப் போன கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுக்கு 2.2 கோடி. அன்றிலிருந்து, ஆடத் தெரிந்த இளம் குவார்ட்டர்பேக் என்பவர் அணிக்குக் கிடைத்த லாட்டரிச் சீட்டு. சாலரி கேப்பில் (அணியின் சம்பள உச்சவரம்பு) மிச்சமாகும் பணத்தில் தடுப்பாட்டக்காரர் இருவரையாவது வாங்கலாம்.

மஹோம்ஸின் முதல் ஒப்பந்தம் 4 ஆண்டுக்குச் சுமார் 1.64 கோடி டாலர். ஸ்மித்தை 2018 ஜனவரி இறுதியில் வாஷிங்டனுக்கு அனுப்பியபோது சீஃப்ஸுக்கு ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பும் கெண்டல் ஃபுல்லர் என்ற கார்னர்பேக்கும் (ரிசீவர்களைத் தடுப்பவர்) கிடைத்தார்கள். அந்த ஆண்டின் கேப்பில் சுமார் 1.7 கோடி மிச்சம். வாஷிங்டன் ஸ்மித்துக்கு 9.4 கோடி டாலருக்கு ஒப்பந்த நீட்டிப்பு கொடுத்தது. இரண்டு ஆண்டு கழித்து சீஃப்ஸ் வென்ற சூப்பர் பவுலில் கடைசி நேர இன்டர்செப்ஷனைப் பிடித்தவர் யார் தெரியுமா? அதே ஃபுல்லர்.

இரண்டு படகில் கால் வைத்த கதையும் உண்டு. 2024 மார்ச்சில் அட்லான்டா கர்க் கசின்ஸுக்கு 18 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது, உத்தரவாதம் மட்டும் 10 கோடி. அடுத்த மாதமே பெனிக்ஸை எடுத்தது. கசின்ஸ் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் 1 டச்டவுன், 9 இன்டர்செப்ஷன் என்று விழுந்ததும் டிசம்பரில் பெனிக்ஸ் ஆட வந்தார். அதாவது, மலிவான இளைஞர் ஆடிக்கொண்டிருக்கும்போதே விலை உயர்ந்தவருக்கும் சம்பளம். லாட்டரி விழுந்தாலும் கையில் காசு நிற்காத ஏற்பாடு.

படி 9: எப்போது மாற்றுவது

இதற்குச் சூத்திரம் கிடையாது. ராஜர்ஸ் மூன்று ஆண்டு காத்திருந்தார். பிற்பாடு அவருக்குப் பின்னால் ஜோர்டன் லவ் மூன்று ஆண்டு காத்திருந்தார். அந்த இடைவெளியில் ராஜர்ஸ் 2020, 2021 இரண்டிலும் லீக்கின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். பின்னால் ஓர் இளைஞர் வந்து நிற்கும்போது அனுபவசாலி திடீரென்று மலர்வது ஸ்மித்துக்கும் நடந்தது, ராஜர்ஸுக்கும் நடந்தது. ஆகவே போட்டி ஆண்டில் வரும் அனுபவசாலியின் எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

காயத்தால் ஒருவர் இடத்தை இழக்கக் கூடாது என்று ஒரு பழைய எழுதாச் சட்டம் உண்டு. 2012இல் ஸ்மித் தலையில் அடிபட்டுத்தான் உட்கார்ந்தார். குணமாகி வந்தபோது இடம் இல்லை. அவருக்கு நேர்ந்தது அநியாயம் என்று அன்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அநியாயமும் சரியான முடிவும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

கடைசியாக, உங்கள் கணிப்பைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். இரண்டு சீசன் கழித்து எடுத்துப் பாருங்கள். எழுதாத கணிப்புகள் எல்லாம் பிற்பாடு சரியானவையாக மாறிவிடும். மனதின் திருட்டு அது.

ஸ்மித்தின் கதை இத்தோடு முடியவில்லை. 2018 நவம்பர் 18 அன்று அவருடைய வலது கால் எலும்பு உடைந்து வெளியே வந்தது. கிருமித் தொற்று, 17 அறுவை சிகிச்சைகள். ஆடுவதை விடுங்கள், கால் மிஞ்சுமா என்பதே கேள்வி. அடுத்த ஆண்டு வாஷிங்டன் ஓர் இளைஞரை 15ஆம் இடத்தில் எடுத்தது: டுவேன் ஹாஸ்கின்ஸ். மூன்றாம் முறையாக ஸ்மித்துக்கு எதிரே டிராஃப்டின் முதல் இரண்டு சுற்றுக்குள் எடுக்கப்பட்ட ஓர் இளைஞர். இந்த முறை ஒப்பீடு என்று ஒன்று இருப்பதாகவே யாரும் நினைக்கவில்லை. 2020 அக்டோபர் 11 அன்று 36 வயது ஸ்மித் மைதானத்துக்குத் திரும்பினார். அந்த சீசனில் அவர் தொடங்கிய 6 ஆட்டங்களில் 5 வெற்றி. வாஷிங்டன் 7 வெற்றி, 9 தோல்வி என்ற கணக்கோடு பிரிவை வென்றது. ஹாஸ்கின்ஸ் டிசம்பரில் விடுவிக்கப்பட்டார்.

பிளேஆஃபில் எதிரே வந்தது தம்பா பேயும் 43 வயது டாம் பிரேடியும். ஸ்மித்தின் கெண்டைக்கால் ஒத்துழைக்கவில்லை. அன்று வாஷிங்டனுக்காக இறங்கியவர் டெய்லர் ஹைனிக்கி, வயது 27, ஒரு மாதம் முன்பு வரை கல்லூரியில் கணிதப் பாடங்களை முடித்துக்கொண்டிருந்தவர். 306 யார்டு வீசினார். 31-23 என்று தோற்றார்கள். என் பழைய தாள்களில் ஹாஸ்கின்ஸுக்கு மூன்று வரி இருக்கிறது, ஸ்மித்துக்கு மூன்று வரி இருக்கிறது. ஹைனிக்கி பெயரே இல்லை.